நூறு விவசாயி, நூறு கணக்கு: முகவர் மாதிரியை எங்கிருந்து தொடங்குவது

ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ விடிகாலையில் தக்காளி மண்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஏலம் முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன விலை என்று சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் தமிழ்நாட்டுக் கடைகளில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வேறு சில வருடங்களில் இதே மண்டிக்கு வரும் வழியில், கிலோ மூன்றுக்கும் நாலுக்கும் விற்க மனமில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன குவியலின் மேல் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஏன் இப்படி மாறி மாறி நடக்கிறது என்று கேட்டால் விவசாயிகளே பதில் சொல்லிவிடுவார்கள். "போன தடவை வெல நல்லா இருந்துச்சு தம்பி, எல்லாரும் போட்டுட்டாங்க." அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. அந்த எல்லோரும் யார்? ஒவ்வொருவரும் எப்போது, எதைப் பார்த்து, யாரைப் பார்த்து முடிவெடுத்தார்கள்? தனித்தனியாக எடுத்த நூறு முடிவுகள் சேர்ந்து, யாருமே விரும்பாத ஒரு விலையில் போய் முடிந்தது எப்படி?

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. மொர்டெகாய் எசக்கியேல் 1938இல் விரிவாக எழுதிய சிலந்திவலைத் தேற்றம். விளைவதற்குக் காலம் பிடிக்கும் பயிர்களில், போன போகத்து விலையை நம்பி இந்தப் போகத்தில் விதைப்பதால், விலை மேலும் கீழுமாக ஊசலாடும் என்று அது காட்டுகிறது. நல்ல விளக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கில் மனிதர்கள் கிடையாது. வழங்கல் என்று ஒரு கோடு, தேவை என்று ஒரு கோடு. நூறு விவசாயியும் உருகி ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்த ஆளுக்குச் 'சராசரி விவசாயி' என்று பெயர் வைக்கலாம். காரிமங்கலத்திலிருந்து சூளகிரி வரை தேடினாலும் அப்படி ஒருவரைப் பார்க்க முடியாது.

முகவர் சார்ந்த மாதிரியாக்கம் என்பது அந்த ஒரே ஆளை மறுபடியும் நூறு பேராகப் பிரிப்பது. கணினிக்குள் நூறு ஆட்களை உண்டாக்குகிறோம். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் நிலம், கொஞ்சம் பணம், சில பக்கத்துக் காட்டுக்காரர்கள் (அதாவது அடுத்த நிலத்துக்காரர்கள்), ஒன்றிரண்டு விதிகள். 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்ற அளவில் எளிய விதிகள். பிறகு ஓடவிட்டு, ஊர் மொத்தத்துக்கும் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். நம் ஊரில் ஏஜென்ட் என்றால் கமிஷன் மண்டிக்காரரோ எல்.ஐ.சி. போட வருகிறவரோதான் நினைவுக்கு வருவார். இங்கே முகவர் என்பதற்கு, தானே முடிவெடுத்துச் செயல்படும் ஓர் அலகு என்று மட்டும் பொருள். அது விவசாயியாக இருக்கலாம், குடும்பமாக இருக்கலாம், பஞ்சாயத்தாகவும் இருக்கலாம்.

நோட்டில் ஓடும் மாதிரி

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. கணினி வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நூறு விவசாயிகள். ஆளுக்கு ஓர் ஏக்கர். ஒவ்வொரு போகத்திலும் தக்காளி போடலாம், போடாமலும் விடலாம். மண்டி விலைக்கு ஒரு எளிய விதி: யாருமே போடாவிட்டால் கிலோ 30 ரூபாய், ஒவ்வொருவர் போடும்போதும் 25 காசு இறங்கும். அப்படியென்றால் நூறு பேரும் போட்டால் 5 ரூபாய். ஒவ்வொரு விவசாயியின் மனதிலும் ஒரு கோடு இருக்கிறது. போன போகத்து விலை அந்தக் கோட்டைத் தொட்டால் இந்தப் போகத்தில் போடுவார், தொடாவிட்டால் போடமாட்டார். இவ்வளவுதான் விதி.

முதலில் எல்லோருடைய கோடும் ஒன்றே என்று வைப்போம்: 15 ரூபாய் 15 காசு. ஏன் இந்த விசித்திரமான எண் என்பது சற்று நேரத்தில் தெரியும். போன போகத்தில் விலை 30 ரூபாய் இருந்ததாகத் தொடங்குகிறோம். நூறு பேரும் போடுகிறார்கள், விலை 5. அடுத்த போகம் ஒருவரும் போடவில்லை, விலை 30. மறுபடி நூறு பேர்; மறுபடி 5. நூறு வருடம் ஓட்டினாலும் இதே கதைதான்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். கோட்டை ஆளுக்கு ஆள் வேறாக வைப்போம். முதல் ஆளுக்கு 30 காசு, இரண்டாவது ஆளுக்கு 60 காசு, மூன்றாவது ஆளுக்கு 90 காசு என்று 30 காசாக ஏற்றிக்கொண்டே போனால் நூறாவது ஆளுக்கு 30 ரூபாய். இந்த நூறு கோட்டுக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள்; அதே 15 ரூபாய் 15 காசு. சராசரி மாறவே இல்லை. மண்டியின் விதியும் மாறவில்லை.

ஓட்டுவோம். முதல் போகத்தில் நூறு பேர் போடுகிறார்கள், விலை 5. 5 ரூபாய்க்கு உள்ளே கோடு இருப்பவர்கள் 16 பேர்தான். அடுத்த போகத்தில் அந்த 16 பேர் மட்டும் போடுகிறார்கள், விலை 26. இப்போது 86 பேர்; விலை எட்டரை. பிறகு 28 பேர், 23 ரூபாய். 76 பேர், 11 ரூபாய். 36 பேர், 21 ரூபாய். 70 பேர்; பன்னிரண்டரை. ஊசல் இருக்கிறது, ஆனால் வீச்சு குறைந்துகொண்டே வருகிறது. இருபது போகம் தாண்டியதும் 54 பேருக்கும் 55 பேருக்கும் நடுவில் வந்து நிற்கிறது. விலை பதினாறே காலுக்கும் பதினாறரைக்கும் இடையில். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, அரசு விலை நிர்ணயிக்கவில்லை. மனசுகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன; அது மட்டுமே காரணம்.

முதன்முறை இதை நோட்டில் போட்டுப் பார்த்தபோது கூட்டல் தப்போ என்று நினைத்து மறுபடியும் போட்டேன். சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு ஊர். ஓர் ஊர் கடைசிவரை அல்லாடுகிறது, இன்னொன்று அடங்கிவிடுகிறது. சராசரியை மட்டும் பதிவுசெய்யும் ஒரு சர்வேயால் இந்த இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் காட்டவே முடியாது.

இன்னொரு படி போவோம். நூறு பேரின் கோடும் 10 ரூபாய் 10 காசிலிருந்து 20 ரூபாய்க்குள், பத்துப் பத்துக் காசு இடைவெளியில் அடங்கியிருக்கிறது என்று வையுங்கள். கோடுகள் வேறுவேறுதான், ஆனால் நெருங்கிவிட்டன. ஓட்டினால் நூறு பேர், யாருமில்லை, நூறு பேர், யாருமில்லை என்று பழைய ஆட்டமே திரும்புகிறது. ஆக, வேறுபாடு இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

இந்த இடத்தில்தான் சமூக அறிவியல் படிக்கிறவர்களுக்கு வேலை தொடங்குகிறது. ஒருவரின் கோடு எதனால் பத்து ரூபாயாக இருக்கிறது, இன்னொருவருக்கு ஏன் இருபது? வீட்டு ஆட்களே பறித்தால் கூலி மிச்சம். கோடு கீழே இருக்கும். போர் போட வாங்கிய கடன் தலைமேல் இருந்தால் மேலே ஏறும். கறவை மாடு நாலு இருக்கும் வீட்டுக்குத் தக்காளி போனாலும் பால் பணம் வரும். எல்லோரும் ஒரே கடையில் ஒரே கடனுக்கு நாற்றும் மருந்தும் வாங்கி, ஒரே கூலி கொடுத்து, ஒரே மாதிரிச் செலவு செய்யும் நிலைமைக்கு ஒரு வட்டாரம் வந்துவிட்டால் கோடுகள் நெருங்கிப்போகும், விலையின் ஆட்டம் கூடும் என்று ஒரு கருதுகோள் இந்தச் சின்ன மாதிரியிலிருந்தே பிறக்கிறது. உண்மையா என்று களத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் களத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை மாதிரி சொல்லிவிட்டது. 'எத்தனை ஏக்கர்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர் இனி, 'என்ன விலை வந்தால் அடுத்த தடவையும் போடுவீங்க?' என்றும் கேட்பார்.

இதே வகைப் புதிரை ஒரு மதுக்கடையை வைத்து எழுதியவர் பொருளாதார அறிஞர் பிரையன் ஆர்தர். அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எல் ஃபாரோல் என்று ஒரு கடை. நூறு பேர் போக நினைக்கிறார்கள். அறுபதுக்கு மேல் கூடினால் நெரிசல். ஒவ்வொருவரும் வேறு வேறு வழியில் கணித்துப் போகிறார்கள், கூட்டம் அறுபதை ஒட்டியே ஊசலாடுகிறது. 1994இல் வந்த கட்டுரை அது. எல்லோரும் ஒரே மாதிரிக் கணித்தால் அந்தக் கணிப்பே பொய்த்துவிடும் என்பதுதான் அவர் காட்டியது. மண்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

புளியங்கொட்டையும் கொட்டமுத்தும்

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சந்திக்கும் பெயர் தாமஸ் ஷெல்லிங். 2005இல் ராபர்ட் ஆமனோடு சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்க நகரங்களில் கறுப்பர் தெரு, வெள்ளையர் தெரு என்று குடியிருப்பு பிரிந்துகிடப்பதைப் பற்றி 1971இல் அவர் எழுதிய கட்டுரைக்குக் கணினி தேவைப்படவில்லை. கட்டம் போட்ட பலகையில் காசுகளை நகர்த்தித்தான் யோசித்தார். அதே காலத்தில் ஜேம்ஸ் சகோடாவும் அதே மாதிரிக் கட்டப்பலகை மாதிரியை வெளியிட்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களைப் பற்றிய ஆய்விலிருந்து வளர்ந்தது அவருடையது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

திண்ணையில் சாக்பீஸால் எட்டுக்கு எட்டு கட்டம் போடுங்கள். தர்மபுரி வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, 22 எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, 22. மீதி 20 கட்டம் காலி. கண்டபடி பரப்புங்கள். விதி: சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இருந்தால் அந்தக் கொட்டை அங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் காலியான ஒரு கட்டத்துக்குப் போகும். மூன்றில் இரண்டு பேர் வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற, ஓரளவு சகிப்புள்ள கொட்டைகள்தான் இவை. ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தால் அரைமணி நேரத்தில் புளியங்கொட்டை ஒரு மூலையிலும் கொட்டமுத்து ஒரு மூலையிலும் கும்பல் கும்பலாகச் சேர்ந்துவிடும். கணினியில் இதே மாதிரியை, 30 சதவீதம் தன் இனம் போதும் என்று வைத்து ஓட்டினால், கடைசியில் ஒவ்வொருவரைச் சுற்றிலும் சராசரியாகச் சுமார் 70 சதவீதம் தன் இனமே நிற்கும். யாரும் கேட்காத அளவுக்குப் பிரிவினை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியைச் செய்துவிட்டு, 'ஓ, நம்மூரில் ஊர் ஒருபக்கமும் காலனி ஒருபக்கமும் இருப்பதற்கும் இதுதான் காரணம்' என்று யாராவது சொன்னால் அது பெரிய தவறு. காலனி ஊருக்கு வெளியே இருப்பது லேசான விருப்பங்கள் தற்செயலாகச் சேர்ந்து விளைந்ததல்ல. நிலத்தாலும் அதிகாரத்தாலும் பயத்தாலும் தலைமுறை தலைமுறையாக நிறுத்திவைத்த பிரிவு அது. காலனிக்காரர் 'காலியான கட்டத்துக்கு' நகர முடியாது, அதுதானே விஷயமே. ஷெல்லிங்கும் தன் கட்டுரையில் திட்டமிட்ட ஒதுக்கலையும் வசதியால் வரும் பிரிவையும் தனியாக வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் தனிமனித விருப்பத்தை மட்டும்தான் ஆராய்கிறார். விதியை எழுதுகிறவர் கையில் பெரிய பொறுப்பு இருக்கிறது. சாதியை 'விருப்பம்' என்று ஒரு எண்ணாக எழுதிவிட்டால், கணினி அதை நியாயப்படுத்தும் படத்தையே வரைந்து கொடுக்கும். யாரால் நகர முடியும், யாரால் முடியாது, நகர முயன்றால் என்ன நடக்கும் என்பதை விதியாக எழுதினால் வேறு படம் வரும். என் மாணவர்களிடம் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்று பேசுவேன்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் எழுதிய இன்னொரு சின்ன மாதிரியை நம் ஊர்க் கதையாக மாற்றிச் சொல்கிறேன். நூறு காட்டுக்காரர்கள். கிணறு வற்றுகிறது. முதல் ஆள் யாரையும் பார்க்காமல் போர் போட்டுவிடுவார். இரண்டாவது ஆள், ஒருவர் போட்டால் போடுவார். மூன்றாவது ஆள், இரண்டு பேர் போட்டால். இப்படியே நூறாவது ஆள் வரைக்கும். முதல் ஆள் போட்டதும் வரிசையாக நூறு காட்டிலும் போர் வண்டி வந்து நிற்கும். இப்போது இரண்டாவது ஆளை மட்டும் மாற்றுங்கள்: ஒருவர் போட்டால் போதாது, இரண்டு பேர் போட்டால்தான் போடுவார். அவ்வளவுதான், ஊரில் ஒரே ஒரு போரோடு நின்றுவிடும். எத்தனை பேர் போட்டால் தானும் போடுவேன் என்று ஒவ்வொருவரும் வைத்திருக்கும் எண்ணுக்குச் சராசரி எடுத்தால், முன்னதில் 49.50, பின்னதில் 49.51. வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர் முதல் ஊரைப் பேராசைக்கார ஊர் என்றும் இரண்டாவதைக் கட்டுப்பாடான ஊர் என்றும் எழுதிவிட்டுப் போவார்.

நிஜத்தில் உதவியதா?

பொம்மைக் கணக்காகவே நின்றுவிடுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பாலித் தீவு. அங்கே சுபக் என்ற பாசனக் குழுக்கள் உண்டு. எப்போது யார் நடுவது என்பதை நீர்க்கோயில்களின் வழியாகத் தீர்மானிப்பார்கள். பசுமைப் புரட்சி வந்த 1970களில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு போகம் நடுங்கள் என்று அரசு சொன்னது. கோயிலின் முறை உடைந்தது. தண்ணீர்த் தகராறும் பூச்சித் தாக்குதலும் பெருகின. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து 172 சுபக்குகளைக் கணினியில் வைத்து 1993இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். சிக்கல் இதுதான்: எல்லோரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுத்தால் பூச்சிக்கு இரை இல்லாமல் போகும், ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும், பூச்சி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுபக்கும் பக்கத்தில் நன்றாக விளைந்த சுபக்கைப் பார்த்து அதன் நடவு முறையைப் பின்பற்றட்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தார்கள். சில வருட ஓட்டத்திலேயே, கோயில்கள் வகுத்திருந்ததை ஒத்த ஒழுங்கு தானாக உருவாகி, விளைச்சலும் ஏறியது. மூடநம்பிக்கை என்று தள்ளிய ஒரு முறைக்குள் எவ்வளவு கணக்கு இருந்தது என்று அந்த மாதிரி காட்டிவிட்டது.

நம் பக்கத்து ஏரிகளில் நீர்க்கட்டிகள் (வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருந்தவர்கள்) மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட முறையையும், ஏரியை விட்டு ஒவ்வொருவராகத் தனிப் போருக்கு மாறியதையும் இப்படி யாராவது மாதிரியாக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வயதான நீர்க்கட்டிகள் இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

எதில், எப்படி

சரி, கணினிக்கு வருவோம். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது நெட்லோகோ என்ற மென்பொருள் ஒன்றைத்தான். யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கியது, இலவசம். குழந்தைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க 1967இல் பிறந்த லோகோ மொழியின் வழிவந்தது. அதனால்தான் இதில் முகவர்களுக்கு இன்றும் 'டர்ட்டில்', அதாவது ஆமை என்று பெயர். ஆமைகள் நடக்கும் தரை சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரிந்திருக்கும். அவற்றை 'பேட்ச்' என்கிறார்கள். நான் பாத்தி என்றே எழுதுவேன், பொருத்தமாகவும் இருக்கிறது. திரையில் 'செட்டப்' என்ற பொத்தானை அழுத்தினால் ஊர் உருவாகும், 'கோ' அழுத்தினால் ஓடும். ஷெல்லிங்கின் மாதிரி, எல் ஃபாரோல், ஓநாயும் ஆடும் என்று நூற்றுக்கணக்கான மாதிரிகள் அதோடேயே வருகின்றன. நிறுவ முடியாதவர்கள் உலாவியிலேயே ஓட்டலாம். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு மேசா என்ற தொகுப்பு இருக்கிறது. நில வரைபடங்களோடு வேலை செய்ய காமா என்ற மென்பொருள் நல்லது. எதில் செய்வது என்ற விவாதத்தில் மாதக்கணக்கில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பொத்தான்களை அழுத்திப் பார்ப்பது ஒரு நாள் வேலை. அப்புறம் உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து, ஒரு விதியை மட்டும் மாற்றி, என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதிவைத்துவிட்டு ஓட்டுங்கள். ஊகம் பொய்த்த இடத்தில்தான் படிப்பு இருக்கிறது. தமிழ்வழியில் படித்த மாணவர்கள் நிரல் என்றதும் தயங்குகிறார்கள். நெட்லோகோவில் தொடக்க மாதிரிகளுக்குத் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் மிகக் கொஞ்சம். ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டமான பகுதி வேறு: விதியைத் தெளிவாக ஒரு வாக்கியத்தில் எழுதுவது. அதைத் தமிழிலேயே எழுதுங்கள். 'வசதி இருந்தால் போடுவார்' என்று எழுதினால் கணினிக்கு வசதி என்றால் என்னவென்று தெரியாது. கையில் எவ்வளவு பணம், யாரிடம் கடன், எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்று உங்களையே கேட்டு எழுத வைக்கும். சமூக அறிவியலுக்கு இந்த முறை தரும் முதல் நன்மையே அந்தக் கண்டிப்புதான்.

என் முதல் பெரிய மாதிரி, பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பற்றியது. மழை, கடன், சாதி, நில அளவு, பிள்ளைகளின் படிப்பு, நூறு நாள் வேலை என்று தெரிந்ததையெல்லாம் போட்டேன். ஓடியது, எண்களும் வந்தன. ஒரு ஓட்டத்தில் பாதி ஊர் காலியானது, இன்னொன்றில் பத்துக் குடும்பம்தான் போயின. ஏன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. விளக்க முடியாத ஓர் ஊரைப் புரிந்துகொள்ளப் போய், விளக்க முடியாத இன்னோர் ஊரை உண்டாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியையும், ஏற்கெனவே அங்கே இருக்கும் சொந்தக்காரரையும் மட்டும் வைத்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை என்ன நடக்கிறது என்று புரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒன்றைச் சேர்த்ததும் ஓட்டிப் பார்த்து, அது என்ன மாற்றியது என்று சொல்ல முடிந்த பிறகே அடுத்தது.

மாதிரியில் தற்செயல் கலந்திருந்தால் ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. நூறு தடவை ஓட்டி, முடிவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நெட்லோகோவிலேயே அதற்கு 'பிஹேவியர்ஸ்பேஸ்' என்ற வசதி இருக்கிறது. தக்காளி மாதிரியில், ஒவ்வொருவர் போடும்போதும் விலை 25 காசு இறங்கும் என்று நான் வைத்ததை நீங்கள் 20 ஆகவும் 30 ஆகவும் மாற்றிப் பாருங்கள். முப்பதுக்குப் போனால் அடங்கிய ஊசல் மறுபடி அடங்காமல் ஆடத் தொடங்கிவிடும். அப்படி ஒரு எண்ணை லேசாகத் தொட்டதும் முடிவு புரள்கிறதென்றால், அந்த எண்ணைக் களத்தில் அளந்தே ஆக வேண்டும்.

அளக்கத் தேவையான தரவு நாம் நினைப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தக் காட்டில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது. மண்டிகளின் தினசரி விலைகள் அக்மார்க்நெட் தளத்தில் கிடைக்கும். உழவர் சந்தையில் பலகையிலேயே எழுதிப்போடுகிறார்கள். விதிகளுக்கு மட்டும் ஆட்களிடம்தான் போக வேண்டும். மாதிரி நிஜத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும்போது ஒரே ஒரு வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். விலையின் ஆட்டம், எத்தனை பேர் விட்டுப்போனார்கள், எந்தப் பக்கத்துக் காடுகள் சேர்ந்தாற்போல் தக்காளிக்கு மாறின என்று பல அடையாளங்கள் ஒரே நேரத்தில் பொருந்தினால்தான் நம்பிக்கை வரும். என் நோட்டு மாதிரி இந்தச் சோதனையில் தேறாது. நிஜத்தில் ராயக்கோட்டை விலையைக் கர்நாடகத்தின் கோலார் மண்டியும் ஆந்திராவின் மதனப்பள்ளி மண்டியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நூறு பேரின் முடிவால் மட்டும் அது இறங்குவதில்லை. அந்த எல்லையை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இப்படி எழுதுவதற்கென்றே சூழலியலாளர் வோல்கர் கிரிம்மும் மற்றவர்களும் 2006இல் ஓ.டி.டி. (ODD) என்று ஒரு பொது முறையை வகுத்தார்கள். நோக்கம் என்ன, யார் முகவர்கள், எது எந்த வரிசையில் நடக்கிறது என்று அதன்படி எழுதிவிட்டால் வேறொருவர் உங்கள் நிரலைப் பார்க்காமலே அதே ஊரைக் கட்டிவிடலாம்.

இப்போது, மனிதரைப் போலப் பேசும் செயற்கை நுண்ணறிவையே முகவர்களாக வைக்கிறார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் அப்படி 25 பேரை ஒரு சின்ன ஊரில் குடிவைத்துக் காட்டினார்கள். சுவாரசியமானதுதான். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த முகவர் ஏன் அப்படி முடிவெடுத்தது என்பது உங்களுக்குத் தெரியாது. தக்காளிக்காரரின் கோட்டை நீங்களே போய்க் கேட்டு எழுதியிருந்தால் தெரியும்.

அப்படிக் கேட்கப் போன ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு காட்டில், வரப்பில் உட்கார்ந்து, நோட்டில் இருந்த நூறு பேர் கணக்கை ஒரு பெரியவருக்குக் காட்டினேன். விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், '100 பேர், 5 ரூபாய்' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"அஞ்சு ரூபாய்க்கு எவன் தம்பி பறிப்பான்? பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்ந்தா ஏழு ரூபா ஆவுது. செடியிலயே விட்டுடுவோம்."

நட்டால் மண்டிக்கு வந்துவிடும் என்று நான் வைத்திருந்தேன். நடுவது ஒரு முடிவு, பறிப்பது இன்னொரு முடிவு என்பது என் விதியில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து சேர்த்தோம்: விலை 7 ரூபாய்க்குக் கீழே போனால் பறிக்கமாட்டார்கள். அப்படியானால் 92 பேரின் தக்காளிதான் மண்டிக்கு வரும். விலை சரியாக 7 ரூபாயில் நிற்கும். அடுத்த போகத்தில் 16 பேருக்குப் பதில் 23 பேர் நடுவார்கள். விலையும் 26 வரை ஏறாது. எட்டுக் காட்டில் பழம் சிவந்து, செடியிலேயே கிடக்கும்.

"அந்த எட்டுப் பேர் யாருன்னு உங்க கணக்கு சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லாது. தார்ச்சாலையிலிருந்து தள்ளி இருப்பவரா, வீட்டில் பறிக்க ஆள் இல்லாதவரா, நாற்றுக் கடனுக்காக ஒரே மண்டிக்குத்தான் போட்டாக வேண்டும் என்று இருப்பவரா? இந்த மூன்றையும் நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.